சும்மா ஒரு நடை

நான் தாண்டப் பார்த்த வடிகான் இரண்டு முழ அகலம்கூட இல்லை. படுவான்கரைக் கிராமமொன்றில் மூன்று வீடுகளில் விபரம் எழுதி முடித்துவிட்டு நான்காவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்தடி தள்ளி நடந்திருந்தால் கடந்து போவதற்குக் கல் போட்டிருந்தது. ஆனால் மதியத்துக்கு முன் இன்னும் இரண்டு வீடுகள் பார்த்தாக வேண்டும் என்ற அவசரம். தோளில் பை, கையில் கோப்பு, காலில் பாட்டாச் செருப்பு. தாண்டினேன். அந்தப் பக்கத்தில் கால் வைத்ததும் வலது பாதம் உட்பக்கமாக மடங்கியது. கோப்பு வடிகானுக்குள்ளும் நான் வேலியோரத்திலுமாகக் கிடந்தோம்.

அந்த வீட்டு அக்கா ஓடி வந்தார். முதலில் கோப்பைத்தான் எடுத்தார். "ஐயோ மிஸ், எங்கட பேரெல்லாம் நனைஞ்சு போச்சே" என்றார். அதன் பிறகுதான் நாங்கள் இருவரும் என் காலைப் பார்த்தோம். கணுக்கால் மாதுளம்பழமளவுக்கு வீங்கியிருந்தது.

வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பை இணைக்கும் நார் இழுபட்டிருக்கிறது, சுளுக்குத்தான் என்றார் டொக்டர். அவர் என்னிலும் வயது குறைந்த பெண். "மூன்று நாள் நல்ல ஓய்வு. பிறகு படுத்தே கிடக்க வேண்டாம், சமதரையில் கொஞ்சம் கொஞ்சமாக நடவுங்கள். இரண்டு கிழமைக்கு வெளிக்கள வேலை வேண்டாம்" என்றார். "ஒரு கிழமையாகக் குறைக்க ஏலாதா டொக்டர்?" என்று கேட்டேன். "அதை உங்கட காலிட்டத்தான் கேட்க வேணும்" என்று சிரித்தார்.

சகோதரிகளே, நான் சமூகவியல் படித்தவள். யுத்தத்தாலும் கடற்கோளாலும் பாதிக்கப்பட்ட பெண்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். "உங்களையும் கொஞ்சம் கவனியுங்கள், ஓய்வெடுங்கள்" என்று எத்தனை வீட்டுத் திண்ணைகளில் இருந்து சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அது எவ்வளவு கடினமான காரியம் என்பது, அந்த இரண்டு கிழமை மட்டக்களப்பு நகரத்தை நொண்டி நொண்டி நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

முதல் மூன்று நாட்கள்

வீட்டுக்கு வந்ததும் அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்துவிட்டார். "பிடிச்சு உருவி விட்டா ரெண்டு நாளில சரி புள்ள" என்றார். எங்கள் ஊர்களில் சுளுக்கு என்றால் முதலில் செய்வது இதுதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடு காட்டவோ, அழுத்தி உருவவோ கூடாது. உள்ளே இழுபட்ட நாரிலும் சிறு இரத்தக் குழாய்களிலும் கசிவு இருக்கும்போது சூடு வைத்தால் வீக்கம் கூடும். அந்த நாட்களில் வேண்டியது குளிர்.

துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். ஐஸை நேரே தோலில் வைக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மீன்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கலாம். அதுவும் இல்லையென்றால் மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஓரளவு உதவும். கிறேப் பண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல்கள் விறைத்தாலோ நிறம் மாறினாலோ அது இறுக்கம் என்று அறிந்து தளர்த்திவிட வேண்டும். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்து, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் படுத்திருந்தது. மனம் படுக்கவில்லை. குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டால் எழும்பப் பார்ப்பேன். யாராவது படலையைத் திறந்தால், படுத்திருப்பதைக் காணக்கூடாது என்று அவசரமாக எழும்பி உட்காருவேன். வேலை செய்யாமல் ஒரு பெண் பகலில் படுத்திருப்பது ஏதோ குற்றம் போல எனக்குள் ஊறியிருந்தது. வீட்டுக்குள்ளே பெண் செய்யும் வேலைக்குச் சம்பளமும் இல்லை, கணக்கும் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அந்த வேலைக்கு விடுமுறையும் இல்லை என்பதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

மூன்றாம் நாள், கோப்பை எடுத்துத் தந்த அந்த அக்கா இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தார். ஒரு பையில் ஊர்க்கோழி முட்டையும் முருங்கைக்காயும். நான் கதிரை எடுத்துப் போட எழும்பினேன். அவர் என் தோளைப் பிடித்து இருத்தினார். "எங்களுக்கு ஓய்வெடுங்க எண்டு சொல்லுற மிஸ் நீங்கதானே? எப்பிடி எண்டு ஒருக்காக் காட்டுங்க பாப்பம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பத்து நிமிடத் தீவு

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு முதல் நடை. எங்கள் வீடு புளியந்தீவில். மட்டக்களப்பின் பழைய நகரம் இதுதான். நாற்புறமும் வாவி சூழ்ந்த சிறு தீவு, பாலங்களால் மற்றப் பகுதிகளோடு இணைந்திருக்கிறது. கச்சான் காற்று வீசும் காலம். எட்டு மணிக்கே வெயில் சுடும் என்பதால் விடியற்காலையைத் தெரிந்தெடுத்தேன். பாட்டாச் செருப்பை விட்டுவிட்டு, பின்வார் வைத்த தட்டையான பாதணி போட்டுக்கொண்டேன். அம்மாவின் பழைய குடை ஊன்றுகோலானது. அன்று ஐந்து நிமிடம் போனேன், ஐந்து நிமிடம் வந்தேன். அவ்வளவுதான்.

இந்த ஒழுங்கையால் ஸ்கூட்டியில் ஆயிரம் முறை போயிருப்பேன். ஒரு வீட்டின் ஓட்டுக் கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அன்றுதான் கண்டேன். அடுத்த வீட்டுக் கிணற்றடியில் செவ்வரத்தை பூத்திருந்தது. பாண்காரரின் வண்டி, தேவாலய மணி, கோயில் மணி, வாவிப் பக்கமிருந்து வரும் சேற்று மணம். நொண்டி நடக்கிறவளுக்கு எல்லாரும் வழி விட்டார்கள். பெயர் தெரியாத ஒரு வயோதிப மாது, "மெதுவாப் போ மனே, ஆர் துரத்துற?" என்றார். நானும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். யார் துரத்துகிறார்கள்?

ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டினேன். வலி கூடினால் அடுத்த நாள் குறைத்தேன். ஏழாம் நாள் புனித மிக்கேல் கல்லூரி வரை போனேன். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கக் குருவானவர் ஹேபெயர் அடிகளார் இக்கல்லூரியோடு சேர்த்து நினைவுகூரப்படுபவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், சாரதியோடு காணாமற்போனார். மதிலருகே நின்று கால் ஆறினேன். எங்கள் ஊரில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நின்றால், நாங்கள் தேடிப் போகாமலே யாராவது ஒருவரின் கதை எங்களிடம் வந்துவிடும்.

கோப்போடு போன இடங்கள்

எட்டாம் நாள் கோட்டைப் பக்கம் போனேன். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை இது. பத்து வருடங்களின் பின் 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். இலங்கையில் அவர்கள் முதலில் பிடித்த கோட்டையும் இதுதான். தடித்த மதில்களும், பீரங்கிகளும், மதிலோடு ஒட்டிய வாவியும் பார்க்க வேண்டியவை. உல்லாசப் பயணிகள் தேடி வந்து படமெடுத்துப் போகிறார்கள்.

எனக்கோ இது கச்சேரி. நீண்ட காலமாகக் கச்சேரி இந்தக் கோட்டைக்குள்ளேதான் இயங்கியது. இழப்பீட்டு விண்ணப்பம், இடம்பெயர்ந்தோர் பதிவு, மரணச் சான்றிதழ், காணி உறுதி என்று எத்தனையோ பெண்களைக் கூட்டிக்கொண்டு இந்த வாசலால் நுழைந்திருக்கிறேன். மதிலை அண்ணாந்து பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லை. எந்த மேசை, எந்த உத்தியோகத்தர், மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு எழும்புவார் என்பவைதான் ஞாபகம்.

அன்று என் கையில் குடை மட்டும் இருந்தது. கோப்பு இல்லை. ஏதோ ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு வந்ததுபோல கை தடுமாறியது. அப்போதுதான் ஒரு விடயம் உறைத்தது. எங்கள் பெண்கள் இந்த நகரத்துக்கு வருவது எப்போதும் ஓர் அலுவலாகத்தான். வைத்தியசாலைக்கு, வங்கிக்கு, நீதிமன்றத்துக்கு, கச்சேரிக்கு, சிறைச்சாலைக்கு. வந்த அலுவல் முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். நகரத்தில் எத்தனை கதவுகள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். எத்தனை மரங்கள் உண்டு என்பது தெரியாது.

"சும்மாவா மகள்?"

பத்தாம் நாள் பின்னேரம் காந்தி பூங்காவுக்குப் போனேன். வாவியோரத்தில் காற்று வாங்க நல்ல இடம். பழைய இறங்குதுறையின் நினைவாக நிற்கும் மட்டக்களப்பு வாயிலும் இங்கேதான். 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பாடசாலைதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவர் அடுத்த வருடமே இங்கு காலமானார்.

வாங்கில் இருந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆண்கள், பெடியன்கள், இரண்டு சோடிகள். தனியாக இருந்த பெண் நான் ஒருத்திதான். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பழக்கமான ஒரு தாய் அவ்வழியால் வந்தார். வைத்தியசாலையில் கிளினிக் முடித்து, மருந்துப் பையோடு பஸ்ஸுக்குப் போகிறவர். 2007ஆம் ஆண்டு வேலைக்குப் போன அவருடைய மகன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது.

"என்ன மகள், இண்டைக்குக் கூட்டமா? எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே" என்றார்.

"கூட்டமில்லை அம்மா. சும்மா நடக்க வந்தனான்."

"சும்மாவா மகள்?"

அவர் அந்த வாங்கின் நுனியில் இருந்தார். இந்தப் பூங்காவுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாராம். ஒவ்வொரு முறையும் மகனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் நின்றபடி. அந்த வாங்கில் இருந்தது அன்றுதான் முதல் தடவை. மகனுடைய பைல் வீட்டில் அலுமாரிக்குள் இருக்கிறது. கற்றுக்கொண்ட பாடங்களுக்கான ஆணைக்குழு 2010இல் வந்தபோது அதைக் கொண்டு போனார். காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் அமைத்த ஆணைக்குழுவுக்கும் கொண்டு போனார். காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியபோது மீண்டும் கொண்டு போனார். படம் மங்கி, மூன்று தரம் புதிதாக எடுப்பித்திருக்கிறார்.

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டொக்டர் சொன்னாராம். "ஓய்வெடுக்கச் சொல்லுறாங்க. நான் ஓய்வெடுத்தா என்ன நடக்கும் தெரியுமா மகள்? சும்மா இருந்தா அவன்ட முகம் வந்திரும். அதுக்குப் பயந்துதான் இந்தக் கால வச்சிக்கொண்டு ஓடித் திரியிறன்" என்றார்.

என்னிடம் ஒரு பதிலும் இல்லை. படித்த படிப்பில் இதற்குப் பெயர் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது. அந்த வாங்கில் அவை உதவவில்லை. ஓய்வு என்பது எல்லாருக்கும் இனிப்பான சொல் இல்லை என்பதை நான் விளங்கிக்கொண்டேன். கண்ணை மூடிப் படுத்தால் உறக்கத்துக்குப் பதிலாக அந்த நாள் வந்து நிற்கும் பெண்ணுக்கு, "ஓய்வெடுங்கள்" என்பது பயமுறுத்தும் சொல். இத்தனை வருடமும் அதைத்தானே நான் திண்ணைகளில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்?

கச்சான் கொட்டை விற்கும் பிள்ளையிடம் ஒரு சரை வாங்கினேன். இருவரும் உடைத்துச் சாப்பிட்டோம். தோணி ஒன்று போனது. "அந்தா, வலை போடுறான்" என்றார். தோணி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று தவறிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. எழும்பும்போது, "இப்பிடி எண்டா இரிக்கலாம். பாக்கிறத்துக்கு ஏதாவது இரிக்கோணும்" என்றார்.

அந்தச் சொல்லை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். பாயில் படுத்திருப்பதும் ஓய்வுதான், மெதுவாக நடப்பதும் ஓய்வுதான். நினைவுகள் துரத்தும் ஒருவருக்கு, கண்ணுக்கு ஒரு வேலையும் காலுக்குச் சிறு அசைவும் கொடுக்கும் நடை, பாயை விட நல்ல துணையாக இருக்கலாம்.

பழைய பாலம்

நாங்கள் பேசி வைத்தபடி, அடுத்த கிளினிக் நாள் பின்னேரம் அந்தத் தாயும் நானும் கல்லடிப் பாலத்துக்குப் போனோம். பாலத்தடி வரை ஓட்டோ. 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் இது. அக்காலத்து ஆளுநர் மானிங்கின் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் என்பார்கள். பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்ட பின், வாகனங்கள் அதனால் போகின்றன. பழைய பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்கும் கிடைத்திருக்கிறது. முழு நீளமும் கால் மைலுக்குக் குறைவு. சமதரை. சுளுக்கிய காலுக்கும் தேய்ந்த முழங்காலுக்கும் இதைவிட நல்ல பாதை நகரத்தில் இல்லை.

யுத்த காலத்தில் இங்கே சோதனைச் சாவடி இருந்தது. சின்ன வயதில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸால் இறங்கி வரிசையில் நடந்தது எனக்கு ஞாபகம். அப்போது பாலம் மிக நீளமாக இருந்தது. அந்தத் தாய்க்கும் அதே ஞாபகம்தான். "அடையாள அட்டைய வாயில கவ்விக்கொண்டு, ஒரு கையில பிள்ளை, ஒரு கையில பை. தண்ணிப் பக்கம் திரும்பிப் பார்த்த ஆர்?" என்றார்.

அன்று பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று பார்த்தோம். நிலாக் காலத்தில், காற்றும் அலையும் அடங்கிய இரவில், தோணியிலிருந்து துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் வாவிக்குள் இசை கேட்கும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. பாடுவது மீன் என்பார் பலர், ஊரி என்பார் சிலர். பாலத்துக்கு அப்பால் கல்லடி உப்போடையில் யாழ் நூல் எழுதிய சுவாமி விபுலானந்தரின் சமாதி இருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் கடற்கரை. 2004 டிசெம்பர் 26இல் கடல் எழும்பி வந்து நாவலடியையும் டச்பாரையும் கல்லடியையும் வழித்துக்கொண்டு போன கரை. அதுவரை போக எங்கள் கால்களுக்கு அன்று பலமில்லை. மனதுக்கும்தான். பாதிப் பாலத்தில் திரும்பினோம். திரும்புவதில் குறையொன்றும் இல்லை. அடுத்த முறை இன்னும் பத்து அடி போகலாம்.

"மீன் பாடிச்சா அம்மா?" என்று கேட்டேன். "பஸ் சத்தம்தான் கேட்டிச்சு" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

நேரமும் காசும் இல்லாதவர்களுக்கு

இதை வாசிக்கும் சகோதரி ஒருவர் கேட்பார்: "உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு. எனக்கு யார் தருவார்?" நியாயமான கேள்வி. கிழமைக்குக் கிழமை கடன் தவணை கேட்டு ஆள் வரும் வீட்டில், நாள் கூலிக்குப் போகும் பெண் இரண்டு கிழமை இருக்க முடியாது. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இழுபட்ட நார் பொருந்தச் சில கிழமைகள் வேண்டும். பொருந்து முன் பாரம் தூக்கி ஓடினால் அதே கால் திரும்பத் திரும்பச் சுளுக்கும். மூன்று நாள் தர மறுத்தால், கால் பின்னர் மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும்.

எங்களால் செய்யக்கூடியவை சில உண்டு. பக்கத்து வீட்டு அக்காவோடு முறை வைத்துக்கொள்ளலாம். அரை மணித்தியாலம் அவர் உங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார், மறுநாள் நீங்கள். தண்ணீர்க் குடத்தைப் பிள்ளைகளில் ஆண் பிள்ளையும் தூக்கலாம். வீக்கமும் கடும் வலியும் குறைந்தபின், உட்கார்ந்திருக்கும்போது கால் பெருவிரலால் காற்றிலே அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசையும். எனக்குப் பக்கத்தில் இருந்து என் மருமகளும் தன் காலால் எழுதினாள். நன்றாக நடக்க வந்தபின், சுவரைப் பிடித்துக்கொண்டு சுளுக்கிய காலில் சிறிது நேரம் நின்று பழகுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நடந்து வந்ததும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சிறு காயம் வலிக்காமலே பெரிதாகலாம்.

சில வேளை வீட்டு வைத்தியம் போதாது. விழுந்தபின் நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால், கணுக்கால் மொழியில் அல்லது பாத எலும்பில் தொட்டவுடன் கடும் வலி இருந்தால், கால் கோணியிருந்தால், விரல்கள் விறைத்தால், தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சில நாட்களில் வலி குறையாமல் கூடிக்கொண்டு போனாலும் அப்படித்தான்.

காலுக்கு இவ்வளவு சொன்னேன். மனதுக்கு ஒன்று. நடக்கும்போதும் அந்த முகம் வரலாம். வந்தால் நில்லுங்கள். ஏதாவது ஒரு மரத்தைப் பாருங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் அவரிடம் சொல்லுங்கள். பல நாள் உறக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்கவே மனமில்லை என்றால், அதை யாரிடமாவது அன்றைக்கே சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சுளுக்குக்குப் போவதில் வெட்கமில்லை என்றால் அதற்குப் போவதிலும் வெட்கமில்லை.

திரும்பிப் போன நாள்

மூன்றாம் கிழமை அதே கிராமத்துக்குப் போனேன். அன்று இரண்டு வீடுகள் மட்டும் என்று முதலே முடிவு செய்திருந்தேன். நான்காவது வீட்டு வடிகானுக்கு மேலே, நான் விழுந்த அதே இடத்தில், இரண்டு தென்னங்குற்றிகளைச் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று கேட்டேன். "எல்லாருமாத்தான். நாங்களும் எத்தினை வருசமா இதத் தாண்டிப் பாய்ஞ்சுகொண்டு திரிஞ்சம். நீங்க விழுந்த பிறகுதான் யோசின வந்த" என்றார் கோப்பை எடுத்துத் தந்த அக்கா.

தேநீர் கொண்டு வந்தார். இதே வீட்டில் எத்தனையோ முறை, "நேரமில்லை அக்கா, அடுத்த முறை" என்று சொல்லிப் போயிருக்கிறேன். அன்று திண்ணையில் இருந்து, கடைசி மிடறு வரை குடித்தேன். அவரும் பக்கத்தில் இருந்து குடித்தார். அவர் தன் வீட்டில் பகலில் இருந்து தேநீர் குடித்து நான் பார்த்ததும் அன்றுதான்.

சேமிப்புக் குழுவின் அடுத்த கூட்டம் முடிந்ததும் எல்லாருமாகக் குளக்கட்டில் ஒரு சுற்று நடப்பது என்று பேசியிருக்கிறோம். யாருக்கும் பதிவில்லை, கையெழுத்தில்லை. அறிக்கையில் எழுதவும் ஒன்றுமில்லை. நீங்களும் உங்கள் ஊரில் ஒரு குளக்கட்டோ, கோயில் வீதியோ, கடற்கரையோ பார்த்து வையுங்கள். பத்து நிமிடம் போதும். யாராவது மறித்து, "எங்க போறீங்க?" என்று கேட்டால், "சும்மா" என்று சொல்லுங்கள்.